கதவில்லாத வீட்டின் பூட்டு

பூட்டினோமா... பூட்டியிருப்போம், பூட்டாமல் எப்படி இவ்வளவு தூரம் வந்திருப்போம், சாவி கோட்டுப் பையில்தானே கிடக்கிறது, ஆனால் சாவி பையில் கிடப்பதற்கும் பூட்டு கதவில் தொங்குவதற்கும் என்ன சம்பந்தம், அலிகார் பூட்டு, அமுக்கினால் விழுந்துவிடும், சாவியே வேண்டாம், அமுக்கினோமா என்பதுதான் கேள்வி. கஸ்தூரிரங்கன் லக்ஷ்மிபாய் நகர் பஸ் நிறுத்தத்தில் மஃப்ளரைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். ஏற்கெனவே இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தாயிற்று. முதல் தடவை பூட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் தடவை, அப்படி இழுத்தது இன்றைக்குத்தானா, இல்லை நேற்று இழுத்ததை இன்றைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமா என்று பார்க்கப் போனார். மூன்றாம் தடவை போனால் எதிர் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி அம்மாள் பல்லைக் காட்டுவாள். ருக்கு ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுகிறாள், டீச்சர் உத்தியோகம், பெண் அனந்தலக்ஷ்மி அவள் கூடவே போய்விடுகிறாள், கடைசியில் வீட்டைப் பூட்டுகிற பொறுப்பு இந்த மனுஷர் தலையில். "ஏன்னா, போய்ப் போய் இழுத்துப் பாக்கறேளே, அது பூட்டா, மாட்டு மடியா?" என்பாள் ருக்கு. "அப்பா, சோர் வந்தா என்ன எடுத்துண்டு போவான், உங்க ஸ்வெட்டரையா?" என்பாள் பெண். சிரிக்கட்டும். தில்லிக்கு வந்ததிலிருந்து இந்த வியாதி இருக்கிறது, எதனால் என்று இரண்டு பேருக்கும் தெரியாது, சொல்லவும் இல்லை, சொல்லுகிற மாதிரியா இருக்கிறது. பஸ் வந்தது. கூட்டம் அவரைத் தூக்கி உள்ளே வைத்தது. இனிமேல் பூட்டு அதன் பாடு.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்துவிடுவாள். இங்ரிட் என்று பெயர், முப்பது வயதுகூட இராது, வடக்கே எங்கேயோ பனி உறைந்து கிடக்கிற நாட்டுக்காரி, பல தேசங்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு ஸ்தாபனம் அவளை அனுப்பியிருக்கிறது. பணக்கார தேசம் பத்து, ஏழை தேசம் பன்னிரண்டு, எந்த தேசத்தில் மனுஷன் எவ்வளவு சாப்பிடுகிறான், எவ்வளவு உடுத்துகிறான் என்று எல்லாரையும் ஒரே அட்டவணையில் மேலிருந்து கீழாக அடுக்கப் போகிறார்களாம், அதற்கு முன்னால் அந்தந்த தேசத்து சர்வேயை நம்பலாமா என்று பார்க்க வேண்டுமாம். ஆபீஸ் கோடவுனிலிருந்து பழைய சர்வே படிவக் கட்டுகள் பத்து கொண்டுவரச் சொன்னாள். ஆயிரக்கணக்கான கட்டில் எந்தப் பத்து வர வேண்டும்... எழுபத்து நாலாம் வருஷம், தருமபுரி ஜில்லா, கஸ்தூரிரங்கனின் சொந்தக் கையெழுத்து, அதில் அவர் போடுகிற அந்த வளைந்த இங்கிலீஷ் ஆர் எழுத்துகூட அப்படியே. நேற்று மத்தியானம் அவள் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள், குரலில் குற்றம் சாட்டுகிற தொனி கிடையாது, குழந்தை கேட்கிற மாதிரி. இந்தப் பதினேழாம் எண் வீட்டுக்குக் கதவு இல்லை என்று முதல் நாள் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள், மறுநாள் விசாரிக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், கதவில்லாத வீட்டை எப்படிப் பூட்டுவார்கள் மிஸ்டர் ரங்கன், இது உங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமா? பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், இனி என்னத்தைப் பார்ப்பது.

கல்யாணராமன் நேற்றே வழி சொல்லிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு அவர் ஜாயின்ட் டைரக்டர், அன்றைக்கு மெட்ராஸில் உட்கார்ந்து, கஸ்தூரிரங்கன் ஊர் ஊராகச் சுற்றி எழுதி அனுப்புகிற காகிதங்களில் சிவப்பு மசியால் சுழிக்கிறவர். "இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறீரே, என்ன ஓய். கதவு இருந்தது, பட்டியல் எழுதறச்சே விட்டுப் போச்சு, அவ்வளவுதான், கை தவறிப் போச்சுன்னு சொல்லும். அவ பென்சிலால திருத்திண்டு போயிடுவா. பாங்காக் ஃபைல் என் மேஜைமேல இருக்கு, ஞாபகம் வெச்சுக்கும்." பாங்காக் என்றால் இரண்டு வருஷ டெபுடேஷன், ஏர் டிக்கெட், குடும்பத்தோடு. ருக்கு அங்கே தயிர் தோயுமா என்று விசாரிக்க ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. அனந்தலக்ஷ்மி கிளாஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். இந்த அம்மணி திருப்தியாகப் போய் நாலு வரி நல்லதாக எழுதினால் ஃபைல் நகரும், இல்லாவிட்டால் அந்த மேஜையிலேயே வேர் விடும். ஒரே ஒரு வரி, கதவு இருந்தது, பொய் என்று சொன்னால் ரொம்பச் சின்னப் பொய், அதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எழுதின பெரிய பொய்யும் சேர்ந்து உண்மையாகிவிடும். ஒன்பது வருஷம் கழித்து அந்தப் பதினேழாம் எண் வீட்டுக்காரிக்கு ஒரு கதவு போட்டுக் கொடுத்த மாதிரியும் இருக்கும். சீ, என்ன மனசு இது, இதிலுமா ஒரு புண்ணியத்தைத் தேடும்.

"ஆகே சலோ, ஆகே சலோ," கண்டக்டர் பின்வாசல் சீட்டில் உட்கார்ந்தபடியே ஜனங்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் சாய இடம் கிடைத்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட் தாண்டியதும் ரோட்டோரமெல்லாம் புகை, மூட்டமாகக் கீழேயே நின்றது, டிசம்பர் புகை மேலே போகாது. மூன்று செங்கல், மேலே கறுத்த டப்பா, அது ஒரு அடுப்பு. அடுத்தது இரண்டு. பிளாஸ்டிக் ஷீட் குடிசைக்குப் பின்னால் மூன்று... எண்ணாதே என்றால் கண் கேட்கிறதா. ஆசியாட் வேலைக்கென்று சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், விளையாட்டு முடிந்து வருஷமாகிறது, திரும்பிப் போகவில்லை, எதற்குத் திரும்புவது. "ஏ பொன்னி, அந்தச் சட்டியத் தூக்கு," என்று ஒரு பெண் குரல் ஜன்னலுக்குள் வந்து விழுந்தது, அந்தத் தருமபுரி இழுப்பு, அதே இழுப்பு, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம், மெட்ராஸில் ட்ரெயினிங் கிளாஸில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஒரு கூரைக்குக் கீழே பத்துப் பேர் இருக்கலாம், அண்ணன் தம்பியாக இருக்கலாம், அதெல்லாம் குடும்பம் ஆகாது, ஒரே அடுப்பில் கொதித்ததைச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம், வீட்டுக்குள் போனதும் முதலில் அடுப்பைப் பார். நல்ல விதி. புத்திசாலிகள் உட்கார்ந்து யோசித்த விதி. அடுப்பு எரியாத வீட்டில் இருக்கிறவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் அன்றைக்குக் கை தூக்கிக் கேட்கவில்லை.

பதினேழாம் எண் வீடு. மே மாசம், வெயில் கண்ணைக் குத்துகிறது, பனையோலைக் கூரை, மண் சுவர், வாசலில் கதவும் இல்லை, படலும் இல்லை, ஒரு சாக்குகூடத் தொங்கவில்லை. சர்வேயின் அந்த ரவுண்டில் மட்டும் வீட்டு வசதி பற்றிக் கூடுதலாக நாலு கட்டம் இருந்தது, முதல் நாள் தலையாரியோடு தெருவில் நடந்துகொண்டே பட்டியல் எடுத்தபோது சுவர் மண், கூரை ஓலை, கதவு இல்லை என்று எழுதினார், எத்தனை பேர் என்ற கட்டத்தை மட்டும் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார். மறுநாள் போனால் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தைந்து வயதும் சொல்லலாம், நாற்பதும் சொல்லலாம். மடியில் ஒரு குழந்தை, தலை பெரிசாக, கை குச்சியாக, அழவில்லை. பின்னால் உள்ளே இருட்டில் ஒரு துணிமூட்டை. அடுப்பு எங்கேம்மா என்று கேட்டார். மோவாயால் காட்டினாள். மூன்று கல். அடுப்பில் பூனை தூங்குகிறது என்பார்களே, அந்த அடுப்பில் பூனையும் இல்லை, அதுவும் பிழைக்க வேறு ஊர் பார்த்துக்கொண்டு போயிருக்கும். சாம்பல்கூடக் காற்றில் போய்விட்டிருந்தது. மூட்டி எத்தனை நாளாச்சு? "நாள ஆரு எண்றது சாமி," என்றாள். ஏதோ சிரித்த மாதிரிகூட இருந்தது, இல்லை, உதடு வெடித்திருந்ததோ. அவர் கையில் பன்னிரண்டு பக்கக் காகிதம், அரிசி, ராகி, சோளம், பருப்பு, எண்ணெய், முப்பது நாளில் எத்தனை கிலோ, எத்தனை கிராம்.

முந்தின மாசம் இப்படி ஒரு வீட்டுக்கு எல்லாக் கட்டத்திலும் சைபர் போட்டு அனுப்பினார், நல்ல பிள்ளையாக, பார்த்ததைப் பார்த்தபடி. கல்யாணராமன் சிவப்பு மசியில் திருப்பி அனுப்பினார். மனிதர் உயிரோடு இருக்கும்போது உணவு சைபர் எப்படி, நேரில் மறுபடி போய் உறுதி செய்து அனுப்பவும். மறுபடி போக பஸ் இல்லை, பயணப்படி இல்லை. பூட்டியிருந்த வீடு என்றால் ஒரு கேள்வி வராது. குறியீடு இரண்டு, அடுத்த வீட்டை மாற்றாக எடுத்துக்கொள், விதியிலேயே இடம் இருக்கிறது. அப்புறம் மூன்றரை மணி பஸ், அதை விட்டால் மறுநாள் காலைதான்... பஸ்ஸுக்காகவா? சொல்லு ரங்கா, கூட்டத்தில் இடி வாங்கிக்கொண்டு நிற்கிற இந்த நேரத்திலாவது சொல்லு, பாதி கல்யாணராமனுக்குப் பயந்து, பாதி அந்த பஸ்ஸுக்காக. காகிதத்தைப் பைக்குள் வைத்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க பேரெல்லாம் எழுதிக்கலீங்களா? அந்தூட்ல எழுதினீங்களே," என்று கேட்டாள். அப்புறமா வரேம்மா, என்றார். அப்புறமா. அடுத்த வீட்டில் இரண்டு எருமை, கிணற்றில் தண்ணீர், கயிற்றுக் கட்டில் போட்டு உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள், பெருங்காயம் போட்டது. குடித்தார். இரண்டாம் தடவை ஊற்றியபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டு அரிசி, அந்த வீட்டு நெய், எல்லாம் அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது, தேசம் அன்றைக்கு அவளுக்காகவும் சேர்த்து வயிறாரச் சாப்பிட்டது.

பட்டேல் சௌக்கில் இறங்கியதும் குளிர் கண்ணாடியில் படிந்தது. துடைத்துக்கொண்டு ஆபீஸைப் பார்த்து நடந்தார். இங்ரிட் நேற்று அந்த அட்டவணையைப் பிரித்துக் காட்டினாளே, மேலே அவள் தேசம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம் கலோரி சொச்சம், கீழே நம் தேசம் இரண்டாயிரம், நடுவிலே ஒரு ஆயிரம். அந்த ஆயிரத்தைத்தான் எல்லாரும் விரலால் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள், பட்டாபி என்கிற சின்ன ஆபீஸர் அதற்கு நாலு காரணம் சொன்னான், உரம், மழை, ஜனத்தொகை, இன்னொன்று மறந்துவிட்டது. கஸ்தூரிரங்கனின் கண் மேலே போகவே இல்லை, அந்த இரண்டாயிரத்திலேயே நின்றுவிட்டது. இதில் அந்தப் பதினேழாம் எண் வீட்டுக்காரி இல்லையே. மேலே உள்ளவர்களுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்கிற இந்தக் கோலிலேயே அவள் இல்லையே. இங்ரிட் இன்னொன்றும் சொன்னாள். எங்கள் ஊரில் சர்வேக்குப் போனால் நூற்றில் முப்பது பேர் கதவைத் திறக்க மாட்டார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள், உங்கள் ஊரில் நூற்றுக்கு இரண்டுதான் விடுபட்டிருக்கிறது, எவ்வளவு திறந்த மனசு உங்கள் ஜனங்களுக்கு. கல்யாணராமன் தன் வீட்டுக் கதவையே திறந்துவிட்ட மாதிரி பூரித்துப் போனார். அங்கே ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், இங்கே நாமே போய்ச் சாத்திவிட்டு வருகிறோம். நூற்றுக்கு இரண்டில் ஒருத்தியை அவர் அறிவார். மிச்சத்தை யார் யார் சாத்தினார்களோ, எந்த எந்த பஸ்ஸைப் பிடித்தார்களோ, அவர்களும் எங்கேயாவது ஒரு ஊரில் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ.

பூட்டினோமா? மாடிப்படியில் நின்று யோசித்துப் பார்த்தார். பூட்டை இழுத்த கை தெரிகிறது, சில்லென்று இருந்தது தெரிகிறது, ஆனால் அந்தக் கையில் பச்சை ஸ்வெட்டர் இருக்கிறது, இன்றைக்குப் போட்டிருப்பது பழுப்பு. அப்படியானால் அது நேற்று. தினம் தினம் ஒன்றையே செய்தால் ஞாபகம் தேய்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. அந்த வீட்டையும் எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. வாசற்படி, அவள், மடியில் குழந்தை, பின்னால் இருட்டில் துணிமூட்டை. வாசற்படி, அவள், குழந்தை, மூட்டை. சினிமாக் கொட்டகையில் பழைய பிரிண்டு ஓடுகிற மாதிரி, கோடு விழுந்து விழுந்து, ஆனால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. பயமாகத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், சோறே இல்லாத வீட்டை எதில் மறைப்பது. கதவு இருந்தது மேடம், கை தவறிவிட்டது. இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார், நன்றாகத்தான் வந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். தயிர் பாங்காக்கில் நிச்சயம் தோயும், உஷ்ணமான ஊர், இங்கே மாதிரி கம்பளியைச் சுற்றி வைக்க வேண்டியதில்லை.

அறையில் ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கல்யாணராமன் டீ சொல்லியிருந்தார், பிஸ்கட் தட்டு மேஜை நடுவில். இங்ரிட் மூக்கு சிவந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, எங்கள் ஊரில் இதைவிடக் குளிர், ஆனால் வீட்டுக்குள் குளிராது என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு அந்த இரண்டு காகிதங்களையும் எடுத்து முன்னால் வைத்தாள். பார்த்தீர்களா மிஸ்டர் ரங்கன்? பார்த்தேன். கதவு... என்று ஆரம்பித்தார். கல்யாணராமன் பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டு தலையாட்டத் தயாராக இருந்தார். கதவு இல்லை மேடம், என்றார் கஸ்தூரிரங்கன். அவருக்கே அது வேறு யாரோ பேசின மாதிரி இருந்தது. கதவும் இல்லை, பூட்டும் இல்லை, வீட்டில் ஆள் இருந்தார்கள், அடுப்பு மூட்டிப் பல நாள் ஆகியிருந்தது, நான்தான் பூட்டியிருந்தது என்று எழுதினேன். "என்னங்காணும் இது," என்று கல்யாணராமன் மெல்லத் தமிழில் முனகியது கேட்டது. பாங்காக் போயிற்று. போகட்டும், ருக்குவிடம் என்ன சொல்வது என்று சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், மார்பில் ஒன்பது வருஷமாக அழுத்தின கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது, அழுகை வந்துவிடுமோ என்றுகூட இருந்தது. அந்தப் பெண் அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. பென்சிலைத் திருப்பி, அதன் ரப்பரால் அந்த இரண்டாம் எண் குறியீட்டைத் தேய்த்தாள், பழைய மசி போகவில்லை, மேலே ஒரு கோடு இழுத்தாள். நன்றி, என்றாள், இந்த ஒரு வீட்டால் சராசரி மாறாது, ஆனால் சரியாக இருக்க வேண்டும் அல்லவா. இந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே, இதை மட்டும் சொல்லிவிடுங்கள், வீட்டில் எத்தனை பேர்?

இரண்டு... என்று இழுத்தார். அவள் ஒன்று, குழந்தை ஒன்று, புருஷன் வேலைக்குப் போயிருந்தானோ, செத்தே போயிருந்தானோ, அதையும் கேட்கவில்லை, சரி, கண்ணால் பார்த்தது இரண்டு. வாசற்படி, அவள், மடியில் குழந்தை, பின்னால் இருட்டில் துணிமூட்டை. சுவரோரம், வளைந்து, முழங்கால் உயரம்கூட இல்லாமல்... துணிமூட்டை என்று யார் சொன்னது, அவரேதான் சொல்லிக்கொண்டார், வெயிலிலிருந்து எட்டிப் பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, ஒன்பது வருஷமாக அது அங்கேயே அசையாமல் இருக்கிறது, ஒரு நாளும் அதன் பக்கம் போய்ப் பார்த்ததில்லை, வாசலிலேயே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். எங்க பேரெல்லாம், என்றல்லவா அவள் கேட்டாள். கதவுக்கு ஒரு சாக்குகூட இல்லாத வீடு, அவள் மேலே இருந்தது ஒரே புடவை, குழந்தை மேலே ஒன்றுமில்லை. அந்த வீட்டில் மூட்டை கட்டுகிற அளவுக்குத் துணி ஏது? மிஸ்டர் ரங்கன், என்றாள் இங்ரிட், பென்சில் முனை கட்டத்துக்கு மேலே நின்றது, இரண்டா, மூன்றா? கஸ்தூரிரங்கனின் கை கோட்டுப் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது, அவள் இன்னும் எழுதவில்லை.